சொந்தக் கல்யாணத்துக்குச் சொந்தக் கைவேலை: எதைச் செய்யலாம், எதை விடலாம்? (திருமலை)

உவர்மலைக்காரி

வணக்கம் எல்லோருக்கும். வருகிற ஆவணியில் எனக்குக் கல்யாணம். திருமலையில்தான் (திருகோணமலை), உவர்மலையில் எங்கள் வீட்டு வளவிலேயே பந்தல் போட்டுச் செய்கிறோம். ஹோல் எடுக்காததில் அப்பாவுக்குக் கொஞ்சம் மனக்குறை, ஆனால் அம்மம்மா ஒரே பிடியாக நின்றதால் அந்தக் கதை முடிந்துவிட்டது.

விஷயம் இதுதான். டெக்கரேஷன்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். போனில் காட்டிய படங்கள் எல்லாம் ஒரே அச்சு: ரெஜிபோமில் (தெர்மோகோல்) வெட்டிய இரண்டு யானை, தங்கப் பெயின்ற், பிளாஸ்டிக் பூச்சுவர், பின்னால் ஊதா லைற். பாலையூற்றில் சிநேகிதியின் கல்யாணத்தில் நின்ற அதே யானைகள்தான். ஒன்றின் தும்பிக்கை உடைந்து ஒட்டுப்போட்டிருந்தது, அதை வைத்தே அடையாளம் கண்டுபிடித்தேன். அதற்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு அப்பா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் சித்திரம் படிப்பிக்கிறேன், கையில் வேலை வரும். மாப்பிள்ளையின் அம்மா சம்பூர், பனையோலையில் பெட்டி, நீத்துப்பெட்டி எல்லாம் இழைப்பார். அதனால் மாப்பிள்ளையும் நானுமாக நாங்கள் இருவரும் இருந்து ஒரு பட்டியல் போட்டோம்: அழைப்பிதழ் லினோ என்கிற மெதுவான தகட்டில் செதுக்கி அச்சடிப்பது, மணவறை, தோரணம், வந்தவர்களுக்குக் கொடுக்கப் பனங்கட்டி போட்ட குட்டான் (சின்ன ஓலைப்பெட்டி), மாலை, ஆலத்தித் தட்டுகள், கூறைக்கு ஆரி வேலை செய்த சட்டை, தாலிக்குக்கூட நானே ஒரு டிசைன் வரைந்து வைத்திருக்கிறேன். ஆட்கள் 300 பேருக்கு மேல் வருவார்கள்.

அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஆலத்தித் தட்டைச் செய், மற்றதைத் தொடாதே, காசில்லாமல் செய்கிறோம் என்று ஊர் கதைக்கும்" என்கிறார். ஊர் கதைப்பது எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு கையில் பசையோடு அழுதுகொண்டிருக்கவும் விருப்பமில்லை. செய்து பார்த்தவர்கள், செய்தவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சொல்லுங்கள். எது நடக்கும், எது நடக்காது?

சாம்பல்தீவு அன்ரி

பிள்ளை, பட்டியல் வடிவாக இருக்கிறது, ஆனால் அதில் நாள்கணக்கு இல்லை. நீ யோசிக்க வேண்டியது எது கஷ்டம், எது சுகம் என்பதை அல்ல. எதை மாசிக்கும் பங்குனிக்குமே செய்து மூடி வைக்கலாம், எது கடைசி இரண்டு நாளைக்குள்தான் செய்ய முடியும் என்று பார். குட்டான், அழைப்பிதழ், சட்டை, ஆலத்தித் தட்டு இதெல்லாம் முன்கூட்டியே முடிகிற சாமான். மாலை, தோரணம் இரண்டும் கடைசி நாள் வேலை, அந்த நாளில் நீ மணப்பெண், உன் கையில் மருதோன்றி இருக்கும்.

இன்னொன்று, இதை உன் வீட்டில் ஏன் யாரும் சொல்லவில்லை என்று தெரியவில்லை. "நாங்கள் இருவரும்" என்று எழுதியிருக்கிறாய். பொன்னுருக்கு, அதுதான் தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு, முடிந்தால் கல்யாணம்வரை பொம்பிளையும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாது என்பது உன் அம்மம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? உங்கள் வீட்டில் அதை எவ்வளவு இறுக்கமாகப் பார்க்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள். இருவரும் சேர்ந்து செய்கிற வேலை எதுவானாலும் பொன்னுருக்குக்கு முன்னமே முடிய வேண்டும். பிறகு அவர் சம்பூரில் பாதி மணவறையோடு நிற்பார், நீ உவர்மலையில் மற்றப் பாதியோடு நிற்பாய்.

தோரணம் பற்றி. குருத்தோலையில் மடிக்கும்போது மங்களத் தோரணத்துக்கு நான்கு குருவி வர வேண்டும், தலை மேலே, வால் கீழே. மூன்று குருவி, தலை கீழே பார்த்தால் அது செத்தவீட்டுத் தோரணம். வீடியோ பார்த்துப் பழகுகிற பிள்ளைகள் ஓலையை வடிவாக மடிக்கிறார்கள், ஆனால் கட்டும்போது தலைகீழாகக் கட்டிவிடுகிறார்கள். வாசலில் வந்து நிற்கிற கிழவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு உன் லினோவையும் குட்டானையும் யாரும் பார்க்கப் போவதில்லை, அந்தத் தோரணக் கதைதான். மடிக்கத் தெரிந்த ஒருவரைப் பொறுப்பாக வை, நீ போய் இரண்டு மடித்துவிட்டு எழும்பு.

ஆவணியில் வறண்ட கச்சான் காற்று முழுதாக விட்டிருக்காது. காலையில் கட்டிய ஓலை மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும். அதனால் முதல்நாள் பின்னேரம் மடித்து, ஈரச்சாக்கில் சுற்றி, கிணற்றடி நிழலில் வைத்துவிட்டு விடியக் கட்டச் சொல். மாலையை விட்டுவிடு. கல்யாண மாலை பாரமானது, நார் இழுத்துக் கட்டுகிற பழக்கம் இல்லாதவர்கள் கட்டினால் மாற்றும்போதே பூ உதிரும். பூக்காரரிடம் கொடு, பூவையும் நிறத்தையும் மட்டும் நீ தெரிந்தெடு.

உன் கையால் ஒன்று செய்ய ஆசையென்றால் பாலிகை போடு. நவதானியத்தை ஊறவைத்து மண்சட்டியில் இட்டு நிழலில் வைத்தால் முளை இளமஞ்சளாக நீண்டு வரும், வெயிலில் வைத்தால் பச்சையாகக் கட்டையாக நிற்கும். எந்த டெக்கரேஷன்காரரும் கொண்டுவர முடியாத அலங்காரம் அது. எங்கள் பக்கத்தில் சுமங்கலிகள்தான் இடுவார்கள், அதனால் நீ சட்டிக்குக் கோலம் போட்டுக் கொடு, தானியத்தை மாமிமார் இடட்டும்.

தச்சுவேலை_திருமலை

தங்கச்சி, மணவறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றது எனக்குத் தெரியாது.

செய்யலாம். ஆனால் முதல் போக வேண்டியது ஹாட்வெயார் கடைக்கு இல்லை, குருக்களையாவிடம். ஓமகுண்டம் எங்கே, நடுகிற அரசாணிக் கொம்பு எங்கே, பாலிகைச் சட்டி எத்தனை, அம்மி எந்தப் பக்கம், வலம் வருவது ஓமகுண்டத்தை மட்டுமா மணவறையையும் சேர்த்தா என்று கேட்டு, அவர் சொல்கிறதை நிலத்தில் சோக்கால் கீறி, அதில் நான்கு பேரை இருத்திப் பாருங்கள். படங்களில் காட்டுகிற பின்சுவர் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் மதிலோடு ஒட்டி நிறுத்திவிட்டால் வலம் வர வழி கிடையாது. உயரம் எடுக்கும்போது மாப்பிள்ளையின் உயரத்தை எடுக்க வேண்டாம், தலைப்பாகை வைத்த உயரத்தை எடுங்கள். முகப்பில் தொங்குகிற பூச்சரம் அதற்கும் மேலே நிற்க வேண்டும். குனிந்து நுழைகிற மாப்பிள்ளையை ஊரெல்லாம் போனில் எடுத்து வைத்திருக்கும்.

அடுத்தது நெருப்பு. ஓமம் வளர்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் ரெஜிபோமும் பொலியெஸ்டர் துணியும் வைப்பதை நான் எத்தனையோ கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். ரெஜிபோம் பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை வரும், சொட்டுகிற இடமும் பிடிக்கும். பொலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். பருத்தித் துணியும் எரியும்தான், ஆனால் உருகி ஒட்டாது. அதனால் ஓமகுண்டப் பக்கம் தொங்குகிற துணி எதுவும் வேண்டாம், மேல்கட்டித் துணி பருத்தியாக, உயரத்தில், இழுத்துக் கட்டியதாக இருக்கட்டும். ஒரு வாளி மணல் பின்னால் நிற்கட்டும், அது போட்டோவில் விழாது.

சட்டத்துக்குக் கமுகஞ் சிலாகை நல்லது, பாரமில்லை, வளைக்கலாம். உங்களுக்குச் சித்திரம் வருமென்றால் மூன்று மில்லிமீற்றர் ப்ளைவுட்டில் நீங்களே வரைந்து தாருங்கள், ஜிக்சோவால் வெட்டுவது ஒரு தச்சனுக்கு ஒரு பின்னேர வேலை. தூணைத் தூணாகவும் முகப்பைத் தனியாகவும் செய்து போல்ட் போட்டுக் கழற்றுகிற மாதிரி வையுங்கள், ஆணி அடிக்க வேண்டாம். உவர்மலையில் கடல்காற்று எந்தப் பக்கத்தால் ஏறி வரும் என்று உங்கள் வீட்டாருக்குத்தான் தெரியும். தூணின் அடியை மண் நிரப்பிய வாளிக்குள் இறக்கி, வாளியை வைக்கோலாலும் வாழைமடலாலும் மூடிவிட்டால் அசையாது, வடிவாகவும் இருக்கும்.

பிறகு வேண்டுமென்றால் அதை வாடகைக்கு விடலாம். சும்மா சொன்னேன்.

எதற்கும் ஒரு கேள்வி

எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். கையால் செய்தால் மலிவு என்று யாரும் நம்ப வேண்டாம். லினோத் தகடு, மை, தடித்த தாள், ஆரி நூல், மணி, பழகும்போது வீணாகிறது, ஓட்டோக் கூலி எல்லாம் கூட்டினால் கடை விலையைத் தொட்டுவிடும். அது பரவாயில்லை, ஆசைக்குச் செய்கிறோம் என்றால் சரி.

என்னுடைய பிரச்சினை வேறு. "என் கல்யாணத்துக்கு நானே செய்தேன்" என்று படம் போடுகிற பலருடைய வீட்டில் உண்மையில் செய்தது யார் என்றால் தாய், பெரியம்மா, கல்யாணமாகாத மச்சாள், பக்கத்து வீட்டு ஏ.எல். படிக்கிற பிள்ளை. 300 குட்டானை ஒரு மாமி இழைப்பது எவ்வளவு வேலை என்று அவரிடம் கேட்டீர்களா? மருமகள் ஆசைப்பட்டுக் கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்ல மாட்டார், அதுதான் சிக்கல். அவருக்கும் அது மகனின் கல்யாணம், அவரும் ஒரு நல்ல சேலை கட்டிக்கொண்டு கதிரையில் இருக்க வேண்டும். மூதூர்ப் பக்கம் இழைக்கிற பெண்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்து வாங்குங்கள், மாதிரிக்கு ஒன்றை மட்டும் மாமி இழைத்துக் காட்டட்டும். மணவறைக்கும் அதே கதைதான், தச்சருக்குக் கூலி கொடுங்கள், அண்ணன் சும்மா வந்து செய்வார் என்று இருக்காதீர்கள்.

தாலி டிசைனை வீட்டில் பேசிவிட்டீர்களா? பிள்ளையார் தாலியா அம்மன் தாலியா என்பது பல குடும்பங்களில் மாப்பிள்ளை வீட்டு வழக்கம். பொன்னுருக்கில் உருக்கிய பொன்னைத்தான் ஆசாரி தாலிக்கு எடுப்பார். அதில் போய் நான் வரைந்த பூ இருக்கட்டும் என்று கேட்டால் கதை வேறு பக்கம் போகும். தாலியை விட்டுவிட்டு, கொடிக்கோ மோதிரத்துக்கோ அந்த டிசைனைப் பாருங்கள்.

கிண்ணியா ராத்தா

எங்கட கல்யாண முறை வேறு, ஆனாலும் கைவேலை என்றதும் எழுதாமல் போக மனமில்லை. மேலே ஒருவர் மாமியைப் பற்றிச் சொன்னது நூறு வீதம் சரி. எங்கள் பக்கத்தில் பன் புல்லில் பாய் இழைப்பதைப் பார்த்திருக்கிறேன். பன்னை வெட்டிக் காயவைத்து, சாயத்தில் அவித்து, திரும்பக் காயவைத்து, அதற்குப் பிறகுதான் இழைக்கிறதே தொடங்கும். இடுப்பு விட்டுப்போகிற வேலை. ஆனால் மணமக்கள் இருக்கிற இடத்தில் ஒரு நல்ல சாயப் பன் பாய் விரித்தால் எந்தச் சிவப்புக் கம்பளமும் கிட்ட வராது. ஓர்டர் கொடுப்பதென்றால் இப்போதே கொடுங்க தங்கச்சி.

மருதோன்றிதான் நான் சொல்ல வந்தது. கோனை வீட்டிலேயே செய்யலாம், சுகம். நல்ல தூளை மெல்லிய துணியில் அரித்து, தேசிக்காய்ச் சாறு, கொஞ்சம் சீனி, இருந்தால் யூகலிப்டஸ் எண்ணெய் சில துளி விட்டுக் குழைத்து, மூடி வைத்துவிட வேண்டும். மேல்பரப்பு மண்ணிறமாக மாறி உள்ளே பச்சையாக இருக்கும்போது சாயம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். சீனி போட்டால்தான் காய்ந்து உதிராமல் தோலில் பிடித்து நிற்கும். போட்டுக் கழுவிய உடனே செம்மஞ்சளாக இருக்கும், பயந்துவிடாதீங்க, இரண்டு நாளில்தான் முழு நிறம் ஏறும். அதனால் கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு போடாமல் அதற்கும் முதல் நாள் போடுங்க.

கடையில் "கறுப்பு மருதோன்றி" என்று விற்கிற கோனைத் தொடவே வேண்டாம். மருதோன்றி தானாகக் கறுப்பாகாது, அதற்குள் தலைமயிர்ச் சாயத்தில் போடுகிற பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்கும், சிலருக்குக் கை கொப்பளித்துத் தழும்பே விழுந்துவிடும்.

உவர்மலைக்காரி

எல்லோருக்கும் நன்றி. பொன்னுருக்கு விஷயம் சத்தியமாக எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அம்மம்மாவிடம் கேட்டேன், "அது தெரியாமலா பட்டியல் போட்டீர்கள்" என்று சிரிக்கிறா. மாலையை வெட்டிவிட்டேன். தாலியையும், கொஞ்சம் மனமில்லாமல். மாமியிடம் நேரே கேட்டேன், 300 என்றதும் போனில் ஒரு கணம் சத்தமே இல்லை, அதிலேயே பதில் தெரிந்துவிட்டது. அவர் 20 இழைக்கிறார், பெரியவர்களுக்கு மட்டும். மற்றதை ஊரில் இழைக்கிற இரண்டு பேரிடம் சொல்லி வாங்கித் தருவதாகச் சொன்னார், விலையும் அவரே பேசுவார்.

இன்னும் இரண்டு கேள்வி. அழைப்பிதழில் தமிழ் எழுத்தை லினோவில் செதுக்க முடியுமா? மேசைகளுக்கு நடுவில் சிப்பியும் பவளத்துண்டும் வைத்தால் திருமலைக் கல்யாணம் மாதிரி இருக்கும் என்று மாப்பிள்ளையின் சிநேகிதன் சொல்கிறான், புறாமலைத் தீவுப் பக்கம் போய்ப் பொறுக்கலாமாம்.

நிலாவெளிப் படகு

சிநேகிதனைப் பிடித்து நிறுத்துங்கள். புறாமலை 2003 இலிருந்து தேசிய பூங்கா. அங்கேயிருந்து செத்த பவளத்துண்டைக்கூட எடுக்க முடியாது. மாப்பிள்ளைத் தோழன் கல்யாணத்தன்று வேறெங்காவது இருக்க வேண்டி வரும். மேசைக்குத் தேங்காய்ச் சிரட்டையில் விளக்கு வையுங்கள், அதுவும் இந்த ஊர்ச் சாமான்தான்.

அச்சுப்பிழை

லினோக் கேள்விக்காக மூன்று வருடத்துக்குப் பிறகு லொகின் பண்ணியிருக்கிறேன்.

முடியும், ஆனால் முழு அழைப்பிதழையும் செதுக்காதீர்கள். எங்கள் அழைப்பிதழில் எவ்வளவு எழுத்து என்று எண்ணிப் பாருங்கள்: பராபவ வருடம் ஆவணி மாதம் என்று தொடங்கி, நட்சத்திரம், சுபமுகூர்த்தம், இரு வீட்டுப் பெயர், அம்மம்மாவின் பெயர், பெரியப்பாவின் உத்தியோகம்வரை. லினோவில் எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம்வலம் மாறிச் செதுக்க வேண்டும், அதிலும் தமிழில் சுழி அதிகம், "ண" வுக்கும் "ஞ" வுக்கும் உள்ளே இருக்கிற சின்ன வெள்ளை இடம் கத்தி நுனியில் பிய்ந்துவிடும். ஆகவே படமும் இரண்டு பேரின் பெயரும் லினோவில், மற்ற எழுத்தெல்லாம் அச்சகத்தில். படத்துக்குக் கோணேசர் கோபுரம் எல்லோரும் போடுகிறது, நீங்கள் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமானைச் செதுக்கலாமே, திருமலைக்காரர்கள் பார்த்தவுடன் சிரிப்பார்கள்.

பெயரை இடம்வலம் மாற்றி எழுத மண்டையை உடைக்க வேண்டாம். வேண்டிய எழுத்துருவில் அடித்து, லேசர் பிரிண்ட் அல்லது போட்டோக்கொப்பி எடுத்து, எழுத்துள்ள பக்கத்தை லினோவின் மேல் குப்புற வைத்து, பின்னால் அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஒற்றி அழுத்துங்கள். நெயில் பொலிஷ் நீக்கி அசிட்டோன் உள்ளதென்றால் அதுவும் போதும். மை லினோவில் இறங்கும், தானாகவே கண்ணாடி எழுத்தாக விழும். இங்க்ஜெட் பிரிண்டில் இது நடக்காது. செதுக்க முதல் லினோவைக் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், இளகும், கத்தி வழுக்காமல் போகும். திருமலையில் வெயிலுக்கா பஞ்சம்.

மெஷின் தேவையில்லை. மை உருட்டிய லினோவின் மேல் தாளை வைத்து மரக்கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேய்த்தால் போதும். எங்கே மை பிடிக்கவில்லை என்று ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, திரும்பப் படியவைத்துத் தேய்க்கலாம். ஆனால் தாளின் தடிப்பைக் கவனிக்க வேண்டும். 200 ஜிஎஸ்எம்முக்கு மேலே போனால் கரண்டியால் மை ஏற மறுக்கும், அதனால் மெல்லிய தாளில் அடித்து, தடித்த அட்டையில் ஒட்டிவிடுங்கள்.

மை வாங்கும்போது ஒன்று. அழைப்பிதழின் நான்கு மூலையிலும் அம்மா மஞ்சள் தடவுவா, தடவாமல் விடமாட்டா. தண்ணீரில் கரைகிற மை என்றால் ஈர மஞ்சள் பட்ட இடத்தில் மான் கரைந்து ஓடும். எண்ணெய் மை எடுங்கள், நம்முடைய ஈரக்காற்றில் காய நாட்கணக்கில் எடுக்கும், கொடிகட்டித் துணிக்கிளிப்பில் தொங்கவிட இடம் வேண்டும், ஆனால் காய்ந்தபின் மஞ்சளுக்கும் வியர்வைக் கைக்கும் அசையாது.

சாம்பல்தீவு அன்ரி

அச்சுப்பிழை தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குட்டான்காரரிடம் சொல்லும்போது பனஞ் சார்வோலையை நன்றாக வெயிலில் காயவிட்டு, இழைக்க முதல் தண்ணீரில் நனைத்து இழைக்கச் சொல், இல்லாவிட்டால் மடிப்பில் வெடிக்கும். இழைத்ததைத் திரும்பவும் ஒருக்கால் வெயில் காட்டிவிட்டு மூடிக் கட்டி வை, ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பனங்கட்டியைக் கடைசி வாரத்தில்தான் போட வேண்டும், முன்கூட்டிப் போட்டால் இளகி ஓலை எல்லாம் ஒட்டும், எறும்பும் வரும்.

தோரணத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் இங்கே எழுது பிள்ளை. எங்கள் வீட்டுக்காரர் மடிப்பார், நான் குருவித் தலையை எண்ணுவேன். சாப்பாடு மரக்கறியா என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடு, அவர் கேட்கிறார்.

உவர்மலைக்காரி

மரக்கறிதான் அன்ரி, கத்தரிக்காய்க் குழம்பு அம்மம்மாவின் மேற்பார்வையில். அங்கிளையும் கூட்டிக்கொண்டு முதல்நாள் பின்னேரமே வாருங்கள், ஈரச்சாக்கு நான் எடுத்து வைக்கிறேன். லினோத் தகடு திருமலையில் எங்கே எடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், என்.சி. வீதியில் கேட்டால் தரைக்கு விரிக்கிறதைக் காட்டுகிறார்கள்.

அச்சுப்பிழை

அந்தத் தரைவிரிப்பு வினைல், செதுக்கினால் ரப்பர் மாதிரி இழுக்கும், வேண்டாம். சித்திர ஆசிரியர்தானே நீங்கள், கொழும்பில் கலைப்பொருள் விற்கிற கடைகளில் கேட்டால் தபாலில் அனுப்புவார்கள். இரண்டு தகடு கூடுதலாகச் சொல்லுங்கள், பழகுவதற்கு வேண்டும்.